மாதிரிக்கு ஓர் அஞ்சல்

மார்ச் 4

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. போன திங்கட்கிழமை மதியம், அம்மா சாகக் கிடக்கிறாள் என்று எனக்கு மெயில் வந்தது. விடுதியின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கைபேசியில் மணி அடித்தது, எடுத்துப் பார்த்தேன். ‘அம்மா படுக்கையில் இருக்கிறாள். இனி நாள் கணக்குத்தான் என்று மருத்துவர் சொல்கிறார். பழையதை மனதில் வைக்காமல் உடனே புறப்பட்டு வா. - அண்ணன்.’

அனுப்பியது ஒரு தரை ஓடு விற்கிற கம்பெனி.

அழுக்கு விரிப்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அதே மெயில் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து வந்தது. பிறகு ஒரு சைக்கிள் கடை. புதன்கிழமைக்குள் நாற்பத்தேழு. ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘அண்ணன்’. எனக்கு இருப்பது ஒரே ஓர் அண்ணன்.

நான் அழுததைப் பார்த்து மேற்பார்வையாளர் விசாரித்தார். கைபேசியை நீட்டினேன். படித்துவிட்டு என் தோளைத் தட்டி, இரண்டு நாள் விடுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார். அம்மா எப்போதோ போய்விட்டாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கூட வேலை செய்கிறவர்கள் பூங்கொத்து வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அது மேசையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அம்மா போனது தெரிந்து நான் உன்னை அழைத்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘அனுப்பினேன், வழியில் எங்கோ தொலைந்துவிட்டது போலிருக்கிறது’ என்றாய். அதை நம்பித்தான் அந்தப் பழைய மெயில் முகவரியை நான் மூடவே இல்லை. என்றைக்காவது வந்து சேரும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

நீ அனுப்பியதாகச் சொன்ன கடிதம் இதுதானா? இதுதான் என்றால், இத்தனை வருடம் எங்கே இருந்தது?

மெயிலில் பதில் போடாதே. அந்தப் பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. உறையின் பின்புறம் என் முகவரி இருக்கிறது.

தங்கை


மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி கிடைத்தது. மூன்று நாள் தாமதத்துக்கு முதலில் வருந்துகிறேன். இருமுறை எழுதிக் கிழித்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

ஓய்வு பெற்ற பிறகும் பழைய தொழிலைத்தான் செய்துவருகிறேன். முன்பு தண்ணீர் மோட்டாருக்கும் தையல் இயந்திரத்துக்கும் கையேடு எழுதினேன். இப்போது, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுகிறேன். செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என்று கேள்விப்பட்டிருப்பாய். ‘இன்று கடை இல்லை என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிடு’ என்று முதலாளி சொன்னால், அந்த மென்பொருளே கடிதம் எழுதி அனுப்பிவிடும். அதற்கு அஞ்சல் அனுப்பும் கருவி ஒன்று வேண்டுமல்லவா? அதை எங்கள் நிறுவனம் செய்கிறது. அந்தக் கருவியை எப்படிக் கையாள வேண்டும் என்று முகவர்களுக்கு விளக்கும் பக்கங்களை நான் எழுதுகிறேன். பெறுநர் என்ற இடத்தில் என்ன போட வேண்டும், தலைப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம், கருவி தரும் பதிலுக்கு என்ன பொருள், இப்படி.

படிப்பவர் மனிதர் அல்ல என்பதைத் தவிர, தையல் இயந்திரக் கையேட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்று நினைத்தேன். அது தவறு. கையேட்டுப் படத்தில் நீலத் துணி இருந்தால் எந்த மனிதரும் நீலத் துணியைத் தேடிக் கடைக்குப் போவதில்லை. முகவர்களில் சில போகின்றன. ‘கருவி வேலை செய்கிறதா, ஒருமுறை அனுப்பிப் பார்’ என்று புதிதாகக் கருவியை வாங்கியவர் சொன்னால், அவை என் பக்கத்தில் உள்ள மாதிரி அஞ்சலை முகவரியோடு அப்படியே எடுத்து அனுப்பிவிடுகின்றன.

மாதிரிக்கென்றே ஒதுக்கிய, எவருக்கும் சொந்தமில்லாத முகவரிகள் உண்டு. அவற்றைத்தான் போட வேண்டும் என்பது விதி. பதினேழு மாதிரிகளில் பதினாறில் நான் அப்படித்தான் போட்டேன். அவசர அஞ்சல் என்ற பகுதியில் மட்டும் உன் முகவரியும் அந்த வாசகங்களும் இருந்தன. பக்கத்தை வெளியிடும் முன் மாற்றிவிடலாம் என்று தற்காலிகமாக வைத்தேன். சரிபார்த்த பொறியாளர் கேட்கவும் செய்தார். “சார், இது யாரோட அட்ரஸ்?” என்றார். “சும்மா, கற்பனைதாம்மா” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பக்கம் வெளியாகிவிட்டது.

உன் கடிதம் வந்த அன்றே குழுத்தலைவியிடம் போய் உண்மையைச் சொன்னேன். என் மகள் வயதுதான் இருக்கும். கைகட்டி நின்றேன். வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். “நீங்க விலகினா அந்தப் பக்கத்த யார் சார் திருத்துவா? மொதல்ல போய் அத எடுங்க” என்றார். எடுத்துவிட்டேன். இனி அந்த அஞ்சல் உனக்கு வராது. வந்தால், வந்த நாளையும் நேரத்தையும் குறித்து அனுப்பு.

உனக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை.

நீ கேட்ட மற்றொரு கேள்விக்கு விரிவாக எழுத வேண்டும். அக்காலத்து மின்னஞ்சல் ஏற்பாடுகளில் பல குறைகள் இருந்தன என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்கிறேன்.

உன் அண்ணி நலம். கால்வலி மட்டும் இருக்கிறது.

அன்புடன்
அண்ணன்


மார்ச் 17

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மோட்டார் வந்தது, தையல் இயந்திரம் வந்தது, நீலத் துணி வந்தது, அண்ணியின் கால்வலி வந்தது. என் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை.

வந்த மெயில்களின் அடியில் உங்கள் கருவியின் பெயர் இருந்தது. விடுதி வரவேற்பில் இருக்கும் பெண்ணைப் பிடித்து, அதைக் கணினியில் தேடச் சொன்னேன். நீ எழுதிய பக்கங்கள் கிடைத்தன. முழுவதும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு அது வரும். ஒரு பத்தியை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

‘வரைவாகச் சேமித்த அஞ்சல் அனுப்பப்பட்ட அஞ்சல் அல்ல. கருவியிடமிருந்து உறுதி கிடைக்கும் முன் “அனுப்பிவிட்டேன்” என்று பயனரிடம் சொல்லக் கூடாது. அனுப்ப முடியாமல் போனால் அதையும், அதற்கான காரணத்தையும் உடனே சொல்ல வேண்டும். பயனர் அதை நம்பி வேறு முடிவுகள் எடுத்துவிடக்கூடும்.’

இந்தப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். வரவேற்புப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. சாப்பாட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் மாமா சொன்னார், “பெத்தவ சாகக் கெடக்குறான்னு கடுதாசி போயும் வராதவளுக்கு இங்க என்ன வேலை?” என்று. நான் இலை முன்னால் உட்கார்ந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை. எழுந்து போனேன். நீ இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை நேராக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாய். தலையைக் குனிந்துகொண்டாய். என் அண்ணன் எனக்காக வெட்கப்படுகிறான் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்காக உன்மேல் எனக்கு நன்றிகூட இருந்தது.

அதற்குப் பிறகு நம் சொந்தத்தில் யார் வீட்டு வாசலும் நான் மிதிக்கவில்லை.

அனுப்பினாயா, இல்லையா? ஒரு சொல் போதும்.

தங்கை


மார்ச் 22

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சில இடங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

அண்ணன்


மார்ச் 27

சரிசெய்யாதே. எழுதியதை அப்படியே உறையில் போடு.


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

அனுப்பவில்லை.

நீ கேட்ட ஒரு சொல் இதுதான். இதற்கு மேல் எழுதுவதெல்லாம் சாக்காகத் தோன்றலாம். ஆனாலும் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். இதை நான் திருப்பிப் படிக்கப் போவதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை மருத்துவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். வீட்டுக்கு வந்து உடனே உனக்கு எழுதினேன். உன் தொலைபேசி எண் அப்போது எங்களில் ஒருவரிடமும் இல்லை. நீ வெளியூர் வேலைக்குப் போகக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்ததும், ‘போனா என் மூஞ்சில முழிக்காத’ என்று சொன்னதும், நீ எண்ணை மாற்றிக்கொண்டதும் உனக்கே தெரியும். மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான் இருந்தது.

முதலில் ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று எழுதினேன். அது போதாது, வராமல் இருந்துவிடுவாய் என்று தோன்றியது. ‘மிகவும் மோசம்’ என்று மாற்றினேன். நீ தனியாக இருப்பவள், படித்துவிட்டு ஏதாவது ஆகிவிட்டால்? மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வரும், அதையும் சேர்த்து எழுதினால் தெளிவாக இருக்கும் என்று வைத்தேன். முடிவு செவ்வாய் மாலை வந்தது. அதைச் சேர்த்தேன். அது படிப்பவருக்குப் புரியாது என்று எடுத்தேன். என் தொழில் புத்தி அப்படி. ஒரு கையேட்டை வெளியிடும் முன் ஒன்பது முறை பார்ப்பவன் நான். அம்மா உயிரோடு இருந்த அந்த மூன்று நாளில் அந்த நான்கு வரியை எத்தனை முறை பார்த்தேன் என்று தெரியாது. புதன்கிழமை மாலை அம்மா போய்விட்டாள். வரைவு வரைவாகவே நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்த அன்று மாமா கேட்டார், “அவளுக்குச் சொன்னியா?” என்று. ‘எழுதினேன் மாமா’ என்றேன். அது பொய்யில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். “எழுதியுமா வரல?” என்று அவர் கேட்டபோது வாயைத் திறக்கவில்லை. நான்கு நாள் கழித்து நீ யார் மூலமோ விவரம் தெரிந்து, என்னைத் தொலைபேசியில் அழைத்து அலறியபோதுதான், ‘அனுப்பினேன், தொலைந்திருக்கும்’ என்றேன். முதல் முழுப் பொய் அதுதான். அதன் பிறகு புதிதாக ஒரு பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருந்தாலே போதுமாக இருந்தது.

கல்யாணக் கூடத்தில் நான் தலைகுனிந்தது உனக்காக இல்லை.

அந்த வரைவை நான் அழிக்கவில்லை. பிப்ரவரியில் அவசர அஞ்சலுக்கு மாதிரி எழுத உட்கார்ந்தபோது, அதைத் திறந்து நகலெடுத்து ஒட்டினேன். தற்காலிகமாக என்று உனக்கு எழுதினேன். முழு உண்மை அது இல்லை. அனுப்பு என்ற கட்டளைக்கு அடியில் அந்த நான்கு வரி எங்காவது ஓரிடத்திலாவது இருக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. எழுபத்தோரு வயதில் என் மனது எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் யாருடையது என்று அந்தப் பெண் கேட்டபோது உன் முகவரி என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரியாததால் கேட்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். கத்த வேண்டும் போலிருந்தது. சலவை இயந்திரங்கள் எட்டும் ஓடும்போது அங்கே போய் நின்று கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

இரண்டு காரியம் செய்.

ஒன்று. மாமா வீட்டுக்குப் போ. கடிதம் போடாதே, நேரில் போ. எனக்கு எழுதியதை அவரிடம் வாயால் சொல். அத்தையும் இருக்க வேண்டும். அவருக்கு எண்பத்தேழு வயது, நாளைக்கு இருப்பாரோ இல்லையோ. என்னைப் பற்றி அந்த நினைப்போடு அவர் போவதை நான் விடமாட்டேன்.

இரண்டு. அந்த மூன்று நாளில் அம்மா என்னைக் கேட்டாளா? பதினோரு வருடமாக நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம். கேட்கவே இல்லை என்று நீ சொல்லிவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? என்னை வெறுத்துக்கொண்டேதான் போயிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டு காலத்தை ஓட்டிவிட்டேன்.

முதலாவதைச் செய்த பிறகு இரண்டாவதை எழுது.

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் இரண்டு முறை பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மாமா ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். அத்தை எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் காது முன்போல் இல்லை என்பது எனக்குத் தெரியாது. தாளைப் பார்த்து மெல்லச் சொன்னேன். “என்னடா முணுமுணுக்கிற?” என்றார். திரும்பச் சொன்னேன். “லெட்டரா? யாருக்கு லெட்டர்?” என்றார். மூன்றாவது முறை, தாளை மடித்துவிட்டு, “அம்மா சாகக் கெடந்தப்ப நான் தங்கச்சிக்குச் சொல்லவே இல்ல மாமா, சொன்னேன்னு பொய் சொல்லிட்டேன்” என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் வானொலியை நிறுத்தினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு உரக்க நான் பேசியது கிடையாது.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தப் பொண்ண எச்சிக் கையோட எழுப்பி விட்டேனேடா” என்றார். எச்சில்கூட ஆகவில்லை, நீ ஒரு வாயும் வைக்கவில்லை என்று திருத்தவும் எனக்குத் துணிவில்லை. “இதெல்லாம் தெரிஞ்சுதான் பக்கத்துல உக்காந்து தின்னியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அத்தை மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். உன் முகவரியைக் கேட்டார், எழுதிக் கொடுத்தேன்.

இனி இரண்டாவது.

கேட்டாள்.

போன கடிதத்தில், முழுப் பொய்யை முதலில் சொன்னது உன்னிடம்தான் என்று எழுதினேன். அதுவும் உண்மையில்லை. முதலில் சொன்னது அம்மாவிடம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. என் கையைத் தொட்டு, “அவளுக்குச் சொல்லிட்டியா?” என்றாள். மாலைக்குள் அனுப்பிவிடுவோமே என்ற எண்ணத்தில், “சொல்லிட்டேன்மா” என்றேன். “அப்ப வந்துருவா” என்றாள். அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். கோபத்தின் சாயல்கூட இல்லை. பிறகு, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். இரண்டு இடத்தில் மாற வேண்டும், ஒன்றரை நாள் பிடிக்கும் என்றேன். விரலை மடக்கிப் பார்த்தாள். நாளைக்கு ராத்திரியா என்றாள். ஆமாம் என்றேன். புதன்கிழமை மதியம் செவிலியரைக் கூப்பிட்டு, “பொண்ணு வருது, கொஞ்சம் தலைய வாரி விடும்மா” என்றாள். அவரும் வாரிவிட்டார். நான் கட்டிலுக்கு அருகில்தான் இருந்தேன். அப்போதாவது வெளியே போய் அனுப்பியிருக்கலாம். இப்போது அனுப்பினால் நேரம் பதிவாகுமே, நேற்றே சொன்னதாகச் சொல்லிவிட்டோமே என்றுதான் என் புத்தி ஓடியது.

மாலை ஆறு மணிக்குப் போனாள். நீ வருவாய் என்று அவள் மனதில் போட்டுவைத்த நேரத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. நீ வரவில்லை என்று அவள் நினைத்திருக்க முடியாது. வந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துத்தான் போயிருப்பாள். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நீ கேட்டாய், இதுதான் நடந்தது.

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணனுக்கு,

மாமா தந்தி மாதிரி ஒரு கடிதம் போட்டிருக்கிறார். ‘ஒரு நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ’ என்று மட்டும் இருக்கிறது. எழுத்து நடுங்கியிருக்கிறது. போவேன்.

உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நம் இருவரில் ஒருவர் சொன்ன பொய்யே போதும். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். விரிப்பை உதறும்போதெல்லாம் ‘அப்ப வந்துருவா’ என்று காதில் கேட்டது. இரண்டு நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தேழு மெயிலுக்கும் அழுததைவிட இதற்கு அதிகமாக அழுதேன், ஆனால் இது வேறு அழுகை.

அம்மா என்மேல் கோபத்தோடு போகவில்லை. இது உனக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நீ அனுப்பாமல் விட்டதைவிட, இதைச் சொல்லாமல் வைத்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். செவிலியர் அம்மாவுக்குத் தலை வாரினார் என்று எழுதியிருந்தாய். எப்படி வாரினார்? நடு வகிடா, பக்க வகிடா? பின்னினாரா, முடிந்து விட்டாரா? எனக்காக வாரிக்கொண்ட தலை அது. அதை நான் மனதில் பார்க்க வேண்டும்.

யோசித்து அழகாக எழுதாதே. ஞாபகம் இருப்பதை எழுது. ஞாபகம் இல்லையென்றால், இல்லை என்றே எழுது. நம்புகிறேன்.

தங்கை